இரத்த அழுத்தமும் முதியோர் அறிவும்



கணக்குப் பார்க்கையில் முதியவர் தடுமாறினால், "வயது போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் குற்றத்தில் ஒரு பங்கு பல வேளைகளில் உயர் இரத்த அழுத்தத்தைச் சாரும்.

மூளையின் ஆழத்திலே மயிரிழை போன்ற நாடிகள் உள்ளன. பல்லாண்டு அழுத்தம் தாக்க, அவற்றின் சுவர் தடித்து உட்துவாரம் ஒடுங்கும். அவை ஊட்டிய நரம்பு நார்கள் வாடும். அதனால் முதலிற் கெடுவது பெரும்பாலும் சிந்தனையின் வேகமும், ஒரு காரியத்தை ஒழுங்காய்ச் செய்யும் ஆற்றலுமே. நோவு கிடையாது, ஆகையால் ஒருவரும் கவனிப்பதில்லை.

அழுத்தத்தைக் குறைத்தால் அறிவு காக்கப்படுமா? அமெரிக்காவில் 'ஸ்பிரின்ற்' என்னும் ஆராய்ச்சியில், உயர் அழுத்தமுள்ள, 50 வயதும் அதற்கு மேலுமான 9361 பேரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றாருக்கு மேல் அழுத்தம் 120க்குக் கீழும், மற்றவர்க்கு 140க்குக் கீழும் வருமாறு மருந்து கொடுத்தனர். 2019ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, இலேசான அறிவுக்குறைவு முதற் கூற்றாரிடம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. முற்றிய மறதி நோயிலோ வித்தியாசம் ஐயமற நிறுவப்படவில்லை. இதனை மறைத்துப் பேசுவது விஞ்ஞானமாகாது.

நம்மவரிடையே நாம் அஞ்சுவது, "இப்பொழுது சுகந்தானே" என்று குளிசையை நிறுத்திவிடும் வழக்கத்தையே. சுகமாயிருப்பது அழுத்தம் தணிந்ததற்கு அடையாளமன்று, அளந்தே அறியலாம். இப்படிச் சொன்னால், படித்த பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்!

மிகை வேகமும் ஆகாது. அவ்வாராய்ச்சியிலே, அழுத்தம் கடுமையாகக் குறைக்கப்பட்டோரிடம் மயக்கமும் சிறுநீரகக் கேடும் கூடுதலாகக் கண்டன. நீரிழிவுள்ளவரும், முன்பு பாரிசவாதம் கண்டவரும் அதிற் சேர்க்கப்படவேயில்லை. ஆகவே ஒருவருக்கு எந்த எண் பொருந்தும் என்பதை அவருடைய வைத்தியரிடமே கேட்க வேண்டும். துணைக்கு நாம் போகலாம்.