கல்லினும் வலிய பாட்டு



அதிகாரத்தின் அருகமர்ந்து பாடிய புலவர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

கி.பி. 395இல் உரோமப் பேரரசர் தியோடோசியசு மறைந்தார். கிழக்குப் பகுதி மூத்த மகன் ஆர்க்கேடியசுக்கும், மேற்குப் பகுதி பத்து வயதுச் சிறுவன் ஒனோரியசுக்கும் உரியனவாயின. மேற்கில் உண்மையாக ஆண்டவர் படைத்தலைவர் ஸ்டிலிக்கோ. மறைந்த பேரரசரின் உடன்பிறந்தார் மகளை மணந்தவர். தம் மகளிர் இருவரை ஒருவர்பின் ஒருவராக ஒனோரியசுக்கு மணமுடித்தவர்.

அவர் புகழைப் பாடியவர் கிளாடியன். கிரேக்கம் வழங்கிய அலெக்சாந்திரியாவிலிருந்து வந்து இலத்தீனில் பாடினார். ஸ்டிலிக்கோவைப் போற்றினார், கிழக்கு அரசவையின் ரூஃபினசையும் யூட்ரோப்பியசையும் வசை பாடினார். உரோமில் டிராஜன் மன்றத்தில் புலவருக்குச் சிலை எழுந்தது.

408இல் காற்று திசைமாறியது. ஒனோரியசின் ஆணையால் ஸ்டிலிக்கோ ரவென்னாவில் கொல்லப்பட்டார். உரோமின் வெற்றிக் கல்வெட்டிலிருந்து அவர் பெயரைச் செதுக்கி நீக்கினர். கிளாடியன் பாட்டிலிருந்து நீக்க எவராலும் இயலவில்லை.

புலவர்க்கு இது பெருமை என்று மகிழலாம். ஆனால் ரூஃபினசின் மீது சுமத்திய பழியையும் அதே பாட்டே இன்றுவரை காத்து நிற்கிறது. அவர் தரப்பு நியாயத்துக்கு அங்கே ஓரடியும் இல்லை.

கல்லினும் வலியது பாட்டு. ஆதலின், புகழும்போது தயங்காவிடினும் பழிக்கும்போதேனும் நாம் ஒருகணம் தயங்குதல் வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அத்தயக்கத்தை இளங்கவிஞர்க்குக் கற்பிக்குமாக.