பங்கு வாங்கும் முன்...

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



பல ஆண்டுகளுக்கு முன், சவூதியில் நீண்ட காலம் உழைத்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பேங்கில் போட்டால் வட்டி. மகன் ஷேர் வாங்கலாம் என்கிறான். கூடுமா?" என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அது சூதாட்டம், வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அவர் என் வார்த்தையை மதித்தார். அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடவில்லை. "இது வட்டியில்லை, லாபத்தில் பங்கு" என்று கூறி, ஒரு லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் தந்துகொண்டிருந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனிதரும் தாடி வைத்தவர், தொழுகையாளி. ஓராண்டுக்குச் சற்று அதிகமாகப் பணம் வந்தது. பிறகு ஒருநாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பெரியவர் இன்றும் அதே பள்ளியில் தொழுகிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால், அன்று ஐந்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து, எது வட்டி, எது கூட்டு வணிகம், எது சூது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் இரண்டு ஏமாற்றங்களையும் அவரே இனங்கண்டிருப்பார் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அன்று சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

வணிகத்தை அல்லாஹ் ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கியிருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனத்தில் காண்கிறோம். மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர்கள் அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார்கள். இது புகாரீயில் பதிவான செய்தி. ஆகவே சந்தை என்ற சொல்லைக் கேட்டு முஸ்லிம் அஞ்ச வேண்டியதில்லை. அதே வேளையில், மார்க்கச் சட்டம் தெரியாதவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சொல்லியிருப்பதைத் திர்மிதீயில் பார்க்கிறோம். தெரியாமல் உள்ளே போவதைத்தான் அவர்கள் தடுத்தார்கள்.

பங்கு என்றால் என்ன? ஒரு கம்பெனியின் உரிமையைச் சிறு சிறு பாகங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பாகமும் ஒரு பங்கு. ஒரு கம்பெனிக்கு மொத்தம் 1 கோடி பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 100 பங்குகள் இருந்தால், அதன் ஆலை, இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி, கையிருப்பு அனைத்திலும் லட்சத்தில் ஒரு பாகம் உங்களுடையது. கம்பெனி லாபம் ஈட்டி அதைப் பகிர முடிவு செய்தால், டிவிடெண்ட் என்ற பெயரில் உங்கள் பாகம் வரும். நஷ்டமடைந்தால் உங்கள் பங்கின் மதிப்பு சரியும். கம்பெனி மூழ்கினால் போட்ட பணம் முழுவதும் போகலாம். ஃபிக்ஹு நூல்களில் ஷிர்கத் என்று நாம் ஓதிய கூட்டு வணிகத்தின் ஒரு வடிவம்தான் இது என்று இக்கால அறிஞர்களில் மிகப் பலர் கூறுகின்றனர். லாபத்தில் பாகம், நஷ்டத்திலும் பாகம் என்பது இதன் உயிர்நாடி.

இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பெரியவர் ஏமாந்த இடம் உங்களுக்குப் புரியும். முளாரபாவிலோ முஷாரகாவிலோ, ஒருவருக்கு இவ்வளவு ரூபாய் என்று தொகையை முன்கூட்டியே நிர்ணயித்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. இதில் ஹனஃபி, ஷாஃபி என்ற வேறுபாடு இல்லை. கிடைக்கும் லாபத்தில் இத்தனை சதவீதம் என்று பேசலாம்; போட்ட முதலில் மாதம் மூன்று சதவீதம் என்று பேசக் கூடாது. அவ்வாறு பேசி முதலுக்கும் உத்தரவாதம் தந்தால், அதற்கு எந்த அரபுப் பெயரைச் சூட்டினாலும் அது வட்டிக் கடனே. 2019 ஜூனில் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரமாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் வீதிக்கு வந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். விதவைகளின் பணமும், திருமணத்துக்குச் சேர்த்த பணமும் அதில் போயின. ஹலால் என்ற சொல்லைப் பார்த்தவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை.

இனிப் பங்குச் சந்தையின் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் நாட்டில் மும்பைப் பங்குச் சந்தை 1875இல் தோன்றியது. தேசியப் பங்குச் சந்தையில் 1994 முதல் வணிகம் நடக்கிறது. இவற்றைக் கண்காணிக்கும் அமைப்பு செபி. 1992 முதல் அதற்குச் சட்டப்படியான அதிகாரம் உண்டு. பங்கு வாங்க மூன்று கணக்குகள் வேண்டும்: வங்கிக் கணக்கு, செபியில் பதிவு பெற்ற தரகரிடம் ஒரு வணிகக் கணக்கு, பங்குகளைச் சேமித்து வைக்கும் டீமேட் கணக்கு. முன்பு காகிதச் சான்றிதழாக இருந்த பங்கு இப்போது டீமேட் கணக்கில் பதிவாக இருக்கிறது. இன்று வாங்கினால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் அது உங்கள் கணக்குக்கு வந்து சேரும். இந்த ஒரு நாள் இடைவெளி ஒரு மஸ்அலாவுக்கு இடமாகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம்? வட்டி வங்கி, வழக்கமான காப்பீடு, மது, பன்றி, சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட கம்பெனியின் பங்கு கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் எங்கே வருகிறது? சிமெண்ட் செய்யும் கம்பெனி ஹலாலான தொழிலைத்தான் செய்கிறது. ஆனால் வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது. மீதிப் பணத்தை வைப்பில் போட்டு வட்டி பெறுகிறது. இத்தகைய கம்பெனியில் பங்கு சேர்வதும் அடிப்படையில் ஹராமே என்று உலகளாவிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992இல் ஜித்தாவில் முடிவு செய்தது. முஃப்தி தகீ உஸ்மானீ போன்றோர், வட்டியை மனத்தால் வெறுத்து, இயன்றவரை எதிர்ப்பும் தெரிவித்து, அதனால் வந்த பாகத்தைக் கழித்துவிட்டால் கூடும் என்று நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றனர். பஹ்ரைனிலுள்ள ஏயோஃபி அமைப்பு இதற்கு அளவுகோல் வகுத்துள்ளது: வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வட்டிக்கு வைத்த பணமும் அவ்வாறே, கூடாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு சில அமைப்புகள் மூன்றில் ஒரு பங்கு வரை விடுகின்றன. மூன்றில் ஒன்றே அதிகம் என்ற ஹதீஸை இதற்குச் சிலர் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அந்த ஹதீஸ் வஸிய்யத்தைப் பற்றியது. அதை வட்டிக் கடனுக்குக் கொண்டுவருவதில் எனக்கு மனநிறைவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே சந்தேகமானவை உள்ளன என்ற நபிமொழியை நினைத்து, கடனே இல்லாத, அல்லது மிகக் குறைந்த கடனுள்ள கம்பெனிகளையே நான் கேட்போருக்குச் சொல்கிறேன். அப்படிப்பட்ட கம்பெனிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பில் கடன் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். பத்தாம் வகுப்பு படித்தவர் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நிஃப்டி ஷரீஆ போன்ற குறியீடுகளின் பட்டியலும் தொடக்கத்துக்கு உதவும். அந்தப் பட்டியல் மாறிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கழிப்பது எப்படி? அதே 1 கோடி பங்குள்ள கம்பெனி ஓராண்டில் 30 லட்சம் ரூபாய் வட்டி பெற்றிருந்தால், ஒரு பங்குக்கு 30 காசு. உங்கள் 100 பங்குக்கு 30 ரூபாய். அதை நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்து விலக்கிவிட வேண்டும். அது ஸதகா ஆகாது, ஸகாத்திலும் சேராது.

சகோதரர்களே! இப்போது நம் வாலிபர்களைப் பாழாக்கிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜும்ஆ தவறாமல் வரும் இளைஞர் ஒருவர், கைப்பேசியில் ஆப்ஷன்ஸ் ஆடி, மனைவியின் மஹர் நகையை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்துவிட்டார். விஷயம் வெளியே வந்தபோது, "ஷேர் கூடும் என்று ஆலிம்கள் சொல்கிறார்களே" என்று என்னிடமே வாதிட்டார். அவர் ஒரு கம்பெனியின் பங்கையும் வாங்கியிருக்கவில்லை. குறியீடு இந்த வாரம் ஏறுமா, இறங்குமா என்று பணம் கட்டியிருந்தார். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற இந்த வகையை ஃபிக்ஹு அகாடமியும் அறிஞர்களில் பெரும்பாலோரும் கூடாதென்றே சொல்லியிருக்கின்றனர். உலகக் கணக்கும் அதையே காட்டுகிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வாலிபர்களே, நூற்றில் ஏழு பேரில் நானும் ஒருவன் என்று ஒவ்வொருவரும் நினைத்துத்தான் உள்ளே போகிறீர்கள்.

இதே வரிசையில் இன்னும் சில உண்டு. கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கிய பின் வாங்கிக் கொடுப்பது ஒன்று. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருவோருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் இன்ட்ராடேயும், பங்கு கணக்கில் வந்து சேருமுன் விற்பதால், கைவசமாகாததை விற்பதில் சேர்கிறது என்று கூறும் உலமாக்கள் பலர். டீமேட் கணக்கில் பங்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பின் விற்றால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. தரகர் தரும் மார்ஜின் கடனுக்கு நாள் கணக்கில் வட்டி உண்டு. ஹலாலான பங்கை அதில் வாங்கினாலும் வட்டி வட்டிதான்.

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் "இன்று இதை வாங்குங்கள்" என்று வரும் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. விற்கும் எண்ணமுள்ளவர்கள் தாங்கள் வைத்திருக்கும் பங்கின் பெயரைப் பரப்பி, விலையை ஏற்றி, உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் நஜ்ஷை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கிறோம். அதன் இன்றைய உருவம் இது. நமக்கு வந்ததை நாம் இன்னொருவருக்கு அனுப்பினால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு சேரும் என்று அஞ்சுகிறேன்.

எவ்வளவு போடலாம்? கடன் இருப்பவர் முதலில் கடனை அடைக்கட்டும். பிறருடைய அமானிதம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கான பணம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9,000க்கும் கீழே போனது. பிறகு மீண்டது உண்மை. ஆனால் நவம்பரில் மகளின் நிகாஹ் வைத்திருந்தவருக்கு அது மீளவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் தேவைப்படாத பணம், பல தொழில்களில் பிரித்து, சிறிது சிறிதாக என்று வையுங்கள். கம்பெனியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஷரீஆ முறையில் நடத்தப்படும் பரஸ்பர நிதித் திட்டங்கள் உள்ளன. அவற்றிலும் விலை ஏறி இறங்கும். கழிக்க வேண்டியதை அவர்கள் கழிக்கிறார்களா, நாம் கழிக்க வேண்டுமா என்றும் கேட்டறிய வேண்டும்.

ஸகாத்தை மறந்துவிடாதீர்கள். விற்று லாபம் பார்க்கவே வாங்கியவர், ஸகாத் நாளன்றுள்ள சந்தை மதிப்பு முழுவதற்கும் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். டிவிடெண்டுக்காக நீண்டகாலம் வைத்திருப்பவர், கம்பெனியின் ரொக்கம், சரக்கு போன்ற ஸகாத்துக்குரிய சொத்துகளில் தம் பாகத்தைக் கணக்கிடலாம் என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். அந்தக் கணக்கு எட்டாவிட்டால் முழு மதிப்புக்கும் கொடுத்துவிடுவது பேணுதலானது.

டீமேட் கணக்கில் நாமினி என்று ஒரு பெயர் கேட்பார்கள். மூத்த மகனின் பெயரை எழுதிவிட்டு, அதுவே அவனுக்குச் சொத்தாகிவிடும் என்று எண்ணுகிறோம். ஆகாது. மௌத்துக்குப் பின் அது மனைவிக்கும் மகள்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் ஃபராயிள்படி பங்கிடப்பட வேண்டிய பொருள். நாமினி அதைப் பெற்று ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. நாமினி உரிமையாளராகிவிடமாட்டார், வாரிசுச் சட்டமே செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்துள்ளது. எந்தத் தரகரிடம் கணக்கு, எத்தனை பங்குகள் என்பதை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்து வையுங்கள். கணவர் மறைந்த பின், அவர் எதில் எவ்வளவு போட்டார் என்றே தெரியாமல் இத்தாவில் அமர்ந்து அழுத சகோதரிகளை நான் அறிவேன்.

இதில் ஐயம் எழுந்தால் கம்பெனியின் பெயரையும் அதன் ஆண்டறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் மஹல்லா ஆலிமிடம் செல்லுங்கள். அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். பள்ளிவாசல் படியில், அவர் செருப்பை மாட்டும்போது கேட்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.