கறித்தோட்டத்தில் காவற்செடிகள்



கடைக்காயில் படிந்த நஞ்சுக்கு அஞ்சித்தான் பலரும் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் தக்காளியும் போடுகின்றனர். முதற்புழுவைக் கண்டவுடன் அதே நஞ்சுக் குப்பியைத் தேடி ஓடினால், அத் தோட்டம் எதற்கு? காலையில் தெளித்ததை மாலையில் குழந்தையின் உண்கலத்தில் இடுவதற்கா?

செடிக்குச் செடியைக் காவல் வைக்கலாம். ஆயின், மணமுள்ள எதை நட்டாலும் பூச்சி ஓடிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஒவ்வொரு செடியும் காக்கும் வகை வேறு.

கொத்துமல்லியைத் தழைக்காகவே விதைத்து, பூக்குமுன் பிடுங்கிவிடுகின்றனர். அதன் காவல் தொழில் பூத்த பின்னரே தொடங்குகின்றது! அதன் பூக்கள் மிகச் சிறியன. தேன் ஆழத்தில் இல்லை. குறுவாய் கொண்ட ஒட்டுண்ணிக் குளவிகளும், பூவின்மேல் அசையாது நின்று பறக்கும் சிறு ஈக்களும் அத் தேனுக்கு வருகின்றன. அக் குளவிகள் பயிர் தின்னும் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கின்றன; அவ் ஈக்களின் புழுக்கள் செடிப்பேன்களைத் தின்று தீர்க்கின்றன. எனவே பாத்தியில் காற்பங்கையேனும் பூக்க விடுக. 15 நாளுக்கொரு முறை சிறிது விதைத்தால் பூ அறாது. நஞ்சு தெளித்தாலோ, பகைக்கு முன்னே இந் நட்புப் பூச்சிகள்தாம் மடியும்.

செண்டுமல்லியின் தொழில் வேறு. அது மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தேறிய செடியே. எனினும் உழவனுக்கு நல்ல துணை. தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, செண்டுமல்லிப் பூவை நாடிச் சென்று முட்டையிடும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கண்ட முறை இது: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாளினதாகவும், செண்டுமல்லி நாற்று 45 நாளினதாகவும் இருத்தல் வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒருங்கே பூக்கும். புழு ஏறிய பூக்களைக் கிள்ளி அழிக்காமல் விட்டால், அவ் வரிசையே புழுப்பண்ணையாகிவிடும்.

வேரில் முடிச்சிடும் நூற்புழுவையும் செண்டுமல்லி ஒடுக்கும். அதன் வேரிலுள்ள நச்சுப்பொருள் அதனைச் செய்கின்றது. ஆனால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நடுவதால் அப் பயன் கிட்டாது. பாத்தி முழுவதும் நெருக்கி நட்டு, இரண்டு மூன்று திங்கள் வளர்த்து, மண்ணிலேயே மடக்கிவிட்டு, அதன் பின்னரே தக்காளி நடுதல் வேண்டும்.

புதினாவை மட்டும் பாத்தியில் விடவேண்டா. ஓடுதண்டு விட்டுப் பரவி, காக்க வந்ததே கவர்ந்துகொள்ளும். தொட்டியிலிட்டு ஓரத்தில் வைப்பதே தக்கது.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய் பற்றிய தக்காளியை எந்த மணச்செடியும் மீட்டுத் தாராது. அச் செடியை அன்றே வேரோடு பிடுங்கித் தோட்டத்திற்கு வெளியே புதைத்துவிடுக.