மூச்சும் பேச்சும்

மாடிப்படி ஏறுகிறோம். பாதி ஏறுமுன்பே மூச்சு வாங்குகிறது, நின்று இளைப்பாறுகிறோம். மூச்சு வாங்குகிறது என்பதை நமக்கு அறிவித்தது எது? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். காலில் முள் தைத்தால் அதை அறிவிக்கத் தோலில் நரம்பு இருக்கிறது. நாவில் உப்புப் பட்டால் அதை அறிவிக்கவும் நரம்பு இருக்கிறது. ஆனால், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத நுரையீரலின் உள்ளே நிகழ்வதை மூளைக்குச் சொல்லுகிற தூதன் யார்? அவன் எங்கே இருக்கிறான்? எப்பொழுது வாய் திறக்கிறான்?

இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் வாழ்ந்த ஓர் இந்திய விஞ்ஞானியைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். அவர் பெயர் டாக்டர் அவ்தார் சிங் பெயின்டல். நரம்பு ஆராய்ச்சியில் தொடங்கி, நோயாளியின் படுக்கையருகே வந்து, பின்னர் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி முழுவதற்குமே தலைமை தாங்கியவர். புதியதொரு கொடிய நோயைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவர் தோளில் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியில் அவர் அடைந்த வெற்றி பெரிது. மக்களிடம் பேசியதில் அவர் வழி தவறினார் என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் அது புகழுரையாகவோ புறங்கூறலாகவோ முடிந்துவிடும்.

பெயின்டல் 1925ஆம் ஆண்டு பர்மாவில், மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன மோகோக் என்னும் ஊரில் பிறந்தார். லட்சுமணபுரி என்று நம் பெரியவர்கள் வழங்கிய லக்னோவில், கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்றார். அவருடைய முதல் ஆராய்ச்சியே நூதனமானது. மனநோயாளிகளின் தோலுக்கும் மற்றவர்களின் தோலுக்கும் மின்சாரத்தைப் பொறுத்தவரையில் என்ன வேறுபாடு என்று அளந்து பார்த்தார். அது 1951இல் வெளியாயிற்று. மனத்தில் நிகழ்வதை உடலில் அளக்க முடியும் என்ற எண்ணம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று. அதன்பின் எடின்பரோ சர்வகலாசாலைக்குச் சென்று, டேவிட் விட்டரிட்ஜ் என்ற பேராசிரியரிடம் பயின்றார்.

எடின்பரோவில் அவர் கைவரப் பெற்ற வித்தையை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். கழுத்தின் வழியே இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இரைப்பைக்கும் இறங்கும் நரம்பு ஒன்று உண்டு. அதற்கு வேகஸ் என்று பெயர். நரம்பு என்று ஒருமையில் சொல்லுகிறோமே தவிர, அது பல்லாயிரம் இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு. அவற்றுள் சில இழைகள் தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லியவை. ஒவ்வோர் இழையும் ஒவ்வோர் இடத்திலிருந்து ஒவ்வொரு செய்தியை ஏற்றிச் செல்லுகிறது. முழுக் கயிற்றையும் ஒருங்கே கேட்டால் சந்தை இரைச்சலே கேட்கும். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனையின் நரம்பை எண்ணெய்க் குளியலில் வைத்து, நுண்ணிய ஊசிகளால் இழை இழையாகப் பிரித்து, ஒரே ஓர் இழை மட்டும் மின்கம்பியின்மேல் படும்படி செய்து, அது பேசுவதைத் தனியே கேட்பது பெயின்டலின் முறை. செய்தி அந்த இழையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் அளந்தார். மணிக்கணக்கில் மூச்சையடக்கிச் செய்ய வேண்டிய வேலை. நெசவாளரும் பொற்கொல்லரும் அதன் அருமையை நம்மைவிட நன்கு உணர்வார்கள்.

இம்முறையால் விளைந்த பயன்கள் பல. இருதயத்தின் மேலறைகளில் இரத்தம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அறிவிக்கும் நரம்பு முனைகளை 1953இல் விவரித்தார். இந்தியாவுக்குத் திரும்பிக் கான்பூரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றினார். இரைப்பை விரியும்போது விழித்தெழும் நரம்பு முனைகளைப் பற்றிய கட்டுரை 1954இல் வெளிவந்தது. உண்ட உணவு இரத்தத்தில் கலந்து உடலுக்குப் பலம் தருவதற்கு வெகு நேரம் முன்பே நமக்குப் பசி அடங்கிவிடுகிறதே, ஏன்? இரைப்பையின் சுவர் விரிந்ததை இந்த முனைகள் தெரிவித்துவிடுவது அதற்கு ஒரு காரணம் என்றார். கலியாண விருந்தில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் என்று உபசரிப்பவர்கள் இந்தத் தூதர்களை மதிப்பதே இல்லை.

அவருக்கு நிலையான பெயரைத் தந்தது நுரையீரல் ஆராய்ச்சிதான். 1955இல், அதுவரை யாரும் தனியே கேட்டிராத சில மெல்லிய இழைகளை அவர் விவரித்தார். நுரையீரல் சுருங்கும்போது அவை விழித்தெழுவதாகத் தோன்றியமையால் ‘சுருக்கத்தை அறியும் முனைகள்’ என்று பெயரிட்டார். ஆனால் பெயரிட்டதோடு அவர் மனம் ஓயவில்லை. நுரையீரல் அவ்வளவு கடுமையாகச் சுருங்குவது அன்றாட வாழ்வில் நிகழ்வதில்லை. அப்படியானால் இயற்கை இத்தூதர்களை எதற்காக நியமித்தது? இருதயத்தின் வலப்பக்கத்தில் ஒரு மருந்தைச் செலுத்தினால் இரண்டொரு வினாடிகளில் அவை பேசின. சுவாசக் காற்றின் வழியே ஆவியாகும் மருந்தைச் செலுத்தினாலும் உடனே பேசின. ஆகவே, அவை காற்றுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும், இரத்தத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். நுரையீரலின் காற்றறைச் சுவர்களில், நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டிய இடுக்குகளே அத்தகைய இடம். குழாய்களில் இரத்தம் தேங்கி, நீர் கசிந்து, அந்த இடுக்கு ஊறிப் பருக்கும்போது இம்முனைகள் கூவுகின்றன. இதை அவர் விரிவாக வெளியிட்டது 1969இல், டில்லி வல்லபபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தில் இருந்தபோது. பழைய பெயரைக் கைவிட்டு, ‘குழாயை அடுத்தவை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்தைக் கொண்டு ‘ஜே’ முனைகள் என்று புதுப் பெயர் சூட்டினார். தாம் இட்ட பெயரைத் தாமே மாற்றப் பதினான்கு ஆண்டுகள் பொறுமையாக உழைத்த மனிதர் இவர். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த முனைகள் கூவினால் மூச்சு விரைந்து மேலோட்டமாகிறது. அன்றியும், கை கால் தசைகளை இயக்கும் அனிச்சைச் செயல்கள் தளர்கின்றன. இதை தேஷ்பாண்டே, தேவானந்தன் என்ற இருவர் 1970இல் பூனைகளிடம் காட்டினர். பொருள் விளங்குகிறதல்லவா? நுரையீரலில் நீர் சேரும் அபாயம் வந்தால், ‘நில், மேலே ஏறாதே’ என்று உடல் காலைப் பிடித்து இழுக்கிறது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் நம் படைவீரர்கள் இமயத்தின் உயரங்களுக்குத் திடீரென ஏற்றப்பட்டபோது, பலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அவர்களுடைய மூச்சுத் திணறலையும் கைகால் சோர்வையும் புரிந்துகொள்ள இந்த ஆராய்ச்சி ஒரு வழி காட்டிற்று. 1981இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1986இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

அதே 1986இல் பெயின்டல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநரானார். விஞ்ஞானத்தில் பொய்க் கணக்கு எழுதுவோரைக் கண்டிப்பதற்காக விஞ்ஞான நெறிக் கழகம் ஒன்று டில்லியில் தோன்றியபோது, அதற்கும் அவரே தலைவர். அந்த ஆண்டிலேதான் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. சில பெண்களின் இரத்தத்தில் கிருமியின் சுவடு தெரிந்தது. நாடு திடுக்கிட்டது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. மக்களின் நடத்தை மாறினாலன்றித் தடுப்பதற்கு வேறு வழியில்லை. ஆகவே அதிகாரியின் வாயிலிருந்து வரும் சொல்லே அன்று கையிலிருந்த மருந்து.

1988இல் பெயின்டல் சொன்னது இதுதான்: இந்தியர்கள் அயல்நாட்டாருடன் உடலுறவு கொள்வதைச் சட்டத்தால் தடை செய்ய வேண்டும். பத்திரிகைகள் பரிகசித்தன, பலர் கொதித்தனர். அவருடைய நோக்கம் தீயதென்று நான் கருதவில்லை. வந்த வழியை அடைத்தால் வெள்ளம் நிற்கும் என்று எண்ணினார். இழை ஒன்றைத் தனியே பிரித்து அதன் முனையைக் கண்டுபிடித்த மனத்துக்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் கிருமி அதற்குள் உள்ளூர்க் கிருமியாகிவிட்டது. 1989, 1990ஆம் ஆண்டுகளில் மணிப்பூரில், போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞரிடையே அது காட்டுத்தீயாகப் பரவியது. அங்கே அயல்நாட்டாரும் இல்லை, உடலுறவும் காரணமன்று; ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதே காரணம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. அறிக்கைகளைத் தமிழாக்கும்போது நான் முதலில் தேடுவது வினைச்சொல்லை. ‘தவிர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது கேட்பவனோடு பேசுகிறது. ‘தடை செய்யப்படுகிறது’ என்பது அவனைப் பற்றி வேறு யாரிடமோ பேசுகிறது. ‘அயல்நாட்டார்’ என்ற சொல்லோ இன்னும் பொல்லாதது. அதைக் கேட்ட உள்ளூர்க்காரன், ‘எனக்கு அயல்நாட்டார் எவரோடும் பழக்கமில்லை, எனவே எனக்குப் பயமில்லை’ என்று நிம்மதியாக உறங்கப் போய்விடுவான். எச்சரிக்கை யாருக்குத் தேவையோ அவனே அதனின்று விடுதலை பெற்றுவிடுகிறான். மற்றொன்றும் உண்டு. நரம்பிழைக்குக் காது கிடையாது. நாம் அதைப் பற்றி என்ன சொன்னாலும் அது தன் போக்கில் பேசும். மனிதனுக்குக் காது உண்டு. தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டதும் அவன் ஒளிந்துகொள்கிறான். இரத்தம் கொடுக்க மாட்டான், பரிசோதனைக்கு வரமாட்டான், உண்மையும் சொல்ல மாட்டான்.

ஒளிந்துகொள்வதற்குக் காரணமும் இல்லாமலில்லை. கோவாவில் 1989இல், டொமினிக் டிசௌசா என்ற இளைஞர் தாம் செய்த இரத்த தானத்தின் வாயிலாகவே தமக்குக் கிருமி இருப்பது வெளிப்பட்டு, மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி 64 நாட்கள் தனிமையில் அடைத்து வைக்கப்பட்டார். எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்றும் அவ்வாண்டே ராஜ்ய சபையில் கொண்டுவரப்பட்டுக் கடும் எதிர்ப்புக்கு ஆளாகிப் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. டிசௌசாவுக்கு நேர்ந்ததற்குப் பெயின்டலைப் பொறுப்பாக்குவது நியாயமன்று. ஆயினும் அக்காலத்துக் காற்று அப்படிப்பட்டது. தலைமை விஞ்ஞானி ஒருவரின் சொல் அக்காற்றைத் தணித்திருக்கலாம், தணிக்கவில்லை. நோயாளியின் சம்மதமின்றிப் பரிசோதிக்கலாகாது, வேலையிலும் பள்ளியிலும் அவரை ஒதுக்கலாகாது என்று சட்டம் வந்தது 2017இல். 1955க்கும் 1969க்கும் இடையே ஒரு பெயரைத் திருத்துவதற்கு அவருக்குக் காலம் இருந்தது. பத்திரிகையில் அச்சேறிய வாக்கியத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

1991இல் பெயின்டல் கவுன்சிலை விட்டு விலகினார். பெரும் பதவியில் இருந்தவர்கள் ஓய்வுபெற்றபின் பெரும்பாலும் விழாக்களுக்குத் தலைமை தாங்குவார்கள். இவர் திரும்பவும் தம் பழைய கேள்விக்கே போய்ச் சேர்ந்தார். மூச்சு முட்டும் உணர்ச்சிக்கு ‘ஜே’ முனைகளே காரணமா? பூனை தனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லாது. மனிதன் சொல்லுவான். ஆகவே டாக்டர் ஆஷிமா ஆனந்த் முதலியோருடன் சேர்ந்து, லோபிலின் என்னும் மருந்தை மிகச் சிறிய அளவில் மனிதர்களின் இரத்தக் குழாயில் செலுத்தி ஆராய்ந்தார். என்ன தோன்றிற்று, எங்கே தோன்றிற்று என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டார்கள். தொண்டை அடைப்பதுபோல் இருந்தது என்றனர், மேல்மார்பில் அழுத்துகிறது என்றனர், வறட்டிருமல் வந்தது. அச்சொற்களை ஒருபுறமும், பூனையின் நரம்பிழை அதே மருந்துக்குப் பேசிய காலக்கணக்கை மறுபுறமும் வைத்து ஒப்பிட்ட கட்டுரை 1995இல் வெளியாயிற்று.

அதற்கும் பின்னர், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து விஞ்ஞானிகள் அவர்களோடு சேர்ந்தனர். இரண்டு நுரையீரல்களும் மாற்றிப் பொருத்தப்பட்டவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். புதிய நுரையீரல் பொருத்தப்படும்போது பழைய நரம்புத் தொடர்பு அறுபட்டுவிடுகிறது. தூதன் இருந்தாலும் பாதை இல்லை. மற்றவர்களுக்குத் தோன்றிய உணர்ச்சிகள் அவர்களுக்கு அவ்வாறே தோன்றவில்லை. இக்கட்டுரை அச்சானது 2001இல். பெயின்டலுக்கு அப்போது வயது எழுபத்தைந்து. மூன்றாண்டுகளுக்குப்பின், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், டில்லியில் அவர் காலமானார்.