கொலைக் கணக்கும் தூக்குக் கயிறும்

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நெஞ்சை உலுக்கும் கொலை ஒன்று நிகழ்ந்தவுடன் ‘தூக்கிலிடு’ என்னும் முழக்கம் எழுகிறது. செங்கொடிகளின் நடுவிலிருந்தும் அது எழுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. மரண தண்டனை ஒழிப்பு என்பது மாநாட்டு மேடைகளில் கைதட்டலுடன் ஏற்கப்படும் நிலைப்பாடு. கொல்லப்பட்டவர் நம்மவராக இருக்கும்போதுதான் அந்த நிலைப்பாடு சோதனைக்கு உள்ளாகிறது.

முதலில் எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 1992ஆம் ஆண்டு நாட்டில் பதிவான கொலைகள் 40,105. 2022இல் 28,522. இந்த முப்பது ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறத்தாழ 50 கோடி பெருகியுள்ளது. எனவே இலட்சம் பேருக்கு இத்தனை கொலை என்னும் விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கிவிட்டது. தூக்குமேடைகள் ஓயாது இயங்கியதால் இது நேர்ந்ததா? 2000ஆம் ஆண்டுக்குப் பின் தூக்கிலிடப்பட்டவர்கள் மொத்தம் எட்டுப் பேர். 2004 ஆகஸ்டு முதல் 2012 நவம்பர் வரை ஒருவர்கூடத் தூக்கிலேற்றப்படவில்லை. 2004இல் பதிவான கொலைகள் 33,608. தூக்குமேடை ஏழாண்டுகள் வெறுமையாகக் கிடந்த பின், 2011இல் 34,305. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கணக்கில் கொண்டால் விகிதம் அப்போதும் குறைந்துதான் இருந்தது.

எண்களைக் கையாள்வதில் நேர்மை வேண்டும். தூக்குக் குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று வாதிடுவது பிழை. கொலை விகிதத்தை ஏற்றி இறக்கும் காரணங்கள் பல. கயிறு இல்லாவிடில் கொலை பெருகும் என்பாருக்கு இக்கணக்கில் இடமில்லை என்பது மட்டுமே இங்குச் சொல்லத்தக்கது.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று தென்கோடியில் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை நீக்கியது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அன்று அச்சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. தூக்கு இல்லாதிருந்த 1945–50 காலத்தில் அங்கு நிகழ்ந்த கொலைகள் 962. இந்தியாவுடன் இணைந்து, இந்தியச் சட்டத்தோடு தூக்கும் திரும்பி வந்தபின், 1950–55இல் 967. இத்தகைய சான்று கையில் இருந்தும், 1967இல் சட்ட ஆணையம் தன் 35ஆவது அறிக்கையில், ஒழிப்பு என்னும் சோதனையை இந்தியா மேற்கொள்ள இயலாது என்றே முடிவு கூறியது. சோதனை முன்பே நடந்து முடிந்திருந்தது! நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2015இல் அளித்த 262ஆவது அறிக்கைதான், பயங்கரவாதக் குற்றங்களும் அரசுக்கு எதிரான போரும் நீங்கலாக மற்றவற்றுக்கு மரண தண்டனை வேண்டாம் என்றது. அவ்விதிவிலக்கு ஏற்கத்தக்கதன்று என்பது தனியே பேசவேண்டிய செய்தி.

கொலைகளின் காரணங்களையும் காப்பகம் வகைப்படுத்துகிறது. 2022இல் தகராறுகளால் நிகழ்ந்தவை 9,962. தனிப்பட்ட பகையால் 3,761. ஆதாயத்துக்காகச் செய்யப்பட்டவை 1,884. சினம் தலைக்கேறி அரிவாளை எடுப்பவன் தண்டனைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவனோ, பிடிபடமாட்டோம் என்னும் துணிவில் கொல்கிறான். அத்துணிவை அவனுக்குத் தருவது எது?

இங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத சிந்தாமணி வட்டத்துக் கம்பாலப்பள்ளியில், 2000 மார்ச் 11 அன்று தலித்துகள் ஏழு பேர் வீட்டோடு எரித்துக் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பிறழ்ந்தனர், 2006இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். கீழ்வெண்மணியில் 1968இல் 44 உயிர்கள் தீக்கிரையாக்கப்பட்ட வழக்கின் முடிவைத் தமிழ்த் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தூக்குத் தண்டனை அவ்விரு காலங்களிலும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அது எரித்தவர்களை அச்சுறுத்தவும் இல்லை, எரிந்தவர்களுக்கு நீதி தரவும் இல்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாத இடத்தில் தண்டனையின் கடுமையால் ஆவதென்ன?

அப்படியாயின் கயிறு யாரைத் தேடி வருகிறது? தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், தில்லி, 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தோர். 1993 பாலாறு கண்ணிவெடி வழக்கை எடுத்துக்கொள்வோம். வெடியில் 22 பேர் மாண்டனர். அக்குடும்பங்களின் துயரைச் சிறிதாக்கிப் பேசலாகாது. வீரப்பன் கூட்டாளிகள் எனப்பட்ட நால்வருக்கு மைசூர் தடா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்குச் சென்ற அவர்களின் தண்டனையை 2004இல் உச்ச நீதிமன்றம் தூக்காக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் இருந்து 2013இல் தள்ளுபடியானது. பெலகாவி இண்டல்கா சிறையில் கயிற்றை எதிர்நோக்கிக் காத்திருந்த அந்நால்வரின் உயிரை, 2014 ஜனவரி 21 அன்று, நெடிய காலத்தாழ்வைக் காரணங்காட்டி அதே உச்ச நீதிமன்றம் காத்தது. ஆயுள், தூக்கு, மீண்டும் ஆயுள்!

1998இல் பெங்களூரில் ஒரு பெண்ணை வல்லுறவு செய்து கொன்றவனுக்கும் தூக்கு உறுதியாகியிருந்தது. அவனுக்காக இரங்குவது எவருக்கும் எளிதன்று. எனினும் சட்டத்துக்குப் புறம்பாகப் பத்தாண்டுகள் தனிமைக் கொட்டடியில் அடைக்கப்பட்டிருந்ததைச் சுட்டி, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையைக் குறைத்தது. முப்பது ஆண்டுகளேனும் சிறையில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. சமூகத்துக்குத் தேவையான பாதுகாப்பு அதில் இருக்கிறது.

இடதுசாரிகள் தம் வரலாற்றையும் திரும்பிப் பார்க்க வேண்டும். 2004 ஆகஸ்டு 14 அன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் காவலாளியான தனஞ்செய் சட்டர்ஜி கொல்கத்தா அலிப்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. தூக்கு வேண்டும் என்ற பக்கமே அவ்வரசு நின்றது. பின்னாளில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவன அறிஞர்கள் அவ்வழக்கின் சான்றுகளை ஆராய்ந்து, தீர்ப்பின் மீது கடும் ஐயங்களை எழுப்பினர். தூக்கிலிட்டபின் எழும் ஐயத்தைத் தீர்க்கும் மேல்முறையீடு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

உடுமலை சங்கர் சாதி ஆணவக் கொலை வழக்கில் 2017 டிசம்பரில் அறுவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டபோது இனிப்பு வழங்கியோர் உண்டு. அந்த மனநிலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்தது. ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அறுவர் தூக்கைக் கொண்டாடியவர்கள், சதியை ஐயமற மெய்ப்பிக்கும் புலனாய்வு நடந்ததா என்று அன்று கேட்கவில்லை.

கும்பல் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டுப் போராடியதும் இவ்வியக்கமே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அக்குற்றத்துக்கு மரண தண்டனைப் பிரிவைத் தந்திருக்கிறது. காவல்துறையின் பொறுப்பு, சாட்சிகளின் காப்பு, குடும்பத்தாரின் மறுவாழ்வு ஆகியவை கேட்கப்பட்டன, கிடைத்தது கயிறு. ஆட்சியாளர்களுக்குச் செலவில்லாத சீர்திருத்தம் அது.

கையூர் உழவர் போராளிகள் நால்வர் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அக்கிராமம் அன்று தென்கன்னட மாவட்டத்தில் இருந்தது. அவர்களின் கதையை ‘சிரஸ்மரணே’ என்னும் கன்னடப் புதினமாக எழுதியவர் நிரஞ்சனா. அரசின் கையில் கயிறு இருக்கும்வரை அது யாருடைய கழுத்தைத் தேடும் என்பதை இவ்வியக்கம் நூலைப் படித்து அறியவில்லை.

கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று இதே நகரில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் 2024 அக்டோபரில் பிணையில் வெளிவந்தபோது விஜயபுராவில் மாலை சூட்டி வரவேற்கப்பட்டனர். கொலையைத் தொண்டெனக் கருதும் அமைப்பைத் தூக்கு அச்சுறுத்தாது. தூக்கிலேறுபவனை அது தியாகியாக்கிக்கொள்ளும். எனவே கர்நாடக அரசிடம் தோழர்கள் வைக்க வேண்டிய கோரிக்கை வேறு: விசாரணை தடையின்றி விரைந்து முடிய வேண்டும், சாட்சியம் சொல்ல வருவோர் ஒவ்வொருவருக்கும் காப்பு வேண்டும், துப்பாக்கி ஏந்தியவனோடு நில்லாமல், அதைக் கையில் கொடுத்தவர்வரை குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.