பின்னலும் பிரிவும்

ஊரிலிருந்து டில்லிக்கு வருவோர் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நீங்கள் இப்போது டில்லிக்காரரா, தஞ்சாவூர்க்காரரா?" எதைச் சொன்னாலும் பாதி உண்மையே தேறுகிறது. இதை ஒத்ததொரு வினா அணு உலகிலும் எழுகின்றது. ஒருமுறை தொடர்புற்ற இரு துகள்களைத் தனித்தனியே முழுமையாக விவரித்தல் இயலுமா?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம்மைப்போல் தெற்கிலிருந்து வந்து இந்நகரில் வாழ்ந்தவர். 1936-இல் சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதி, விவேகானந்தா கல்லூரியில் கணிதம் பயின்று, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவ் அவர்களிடம் ஆராய்ச்சி புரிந்தார். பின்னர் அக்கழகத்தின் டில்லி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2023-இல் மறைந்தார்.

பின்னல் என்பது யாது? சிவப்புச் சீட்டையும் வெள்ளைச் சீட்டையும் இரு உறைகளில் இட்டு, ஒன்றைக் கரோல்பாகிலும் மற்றதைக் கும்பகோணத்திலும் பிரிப்போம். இங்கே சிவப்பாயின் அங்கே வெள்ளை. இதில் வியப்பில்லை, நிறம் முன்னரே உறைக்குள் இருந்தது. பின்னிய துகள்களோ அத்தகையன அல்ல. முன்கூட்டி எழுதி உடன் அனுப்பிய எந்தச் சீட்டாலும் அவற்றின் நடத்தையை விளக்க இயலாதென்பதை அறியும் வழியை 1964-இல் ஜான் பெல் காட்டினார். பிற்காலச் சோதனைகள் அதனை உறுதி செய்தன. முழுமையை ஐயமற அறிந்திருந்தும் உறுப்புகளைப் பற்றி ஏதும் அறியாதிருத்தல் இங்கே கூடும். எனினும், இதனைக் கொண்டு செய்தி அனுப்புதல் இயலாது.

குருட்டாம்போக்கில் ஒரு நிலையை எடுத்தால் அது பின்னியதாயிருக்குமா, பிரிந்ததாயிருக்குமா? பிரிவே இயல்பு, பின்னல் அபூர்வம் என்று நாம் எண்ணுவோம். உண்மை இதற்கு நேர்மாறு. இருவகை மதிப்புடைய இரு துகள்களின் தூய நிலைகளைக் குறிக்க 6 எண்கள் வேண்டும். பிரிந்தவற்றிற்கு 4 போதும். அறையின் குறுக்கே கட்டிய, பருமனே இல்லாத நூலின்மீது, கண்ணை மூடி எறிந்த புள்ளியொன்று வீழும் வாய்ப்பு எவ்வளவோ, பிரிந்த நிலை கிட்டும் வாய்ப்பும் அவ்வளவே. அதாவது, பூஜ்யம்.

ஆயின் உலகில் வெப்பமும் இரைச்சலும் புகுந்து தூய நிலைகளைக் கலப்பு நிலைகளாக்கி விடுகின்றன. கலப்பு நிலைகளுள் பிரிக்கத்தக்கவற்றிற்கு மெய்யான கன அளவு உண்டென்று 1998-இல் காட்டப்பட்டது. இயல்பானதோர் அளவுகோலின்படி மேற்சொன்ன இரு துகள்களுக்கு அது ஏறத்தாழ 24 விழுக்காடு. குவாண்டம் கணிப்பொறிக்குப் பின்னல் இன்றியமையாத முதற்பொருள்; ஆதலின், இரைச்சல் அதனை எப்போது அறுக்கும் என்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று.

பார்த்தசாரதி 2004-இல் வேறொரு வினாவுக்கு விடை கண்டார்: பிரிந்த நிலை ஒன்றேனும் அகப்படாத வெளி எவ்வளவு பெரிதாயிருக்கலாம்? இரு துகள்களாயின், ஒவ்வொன்றின் நிலை எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கவேண்டும். மும்மூன்று நிலையுடைய துகள்களுக்கு, 9 பரிமாணங்களுள் 4 வரை செல்லலாம். ஐந்தாவதைச் சேர்த்தால் பிரிந்த நிலை எங்கேனும் தலைகாட்டியே தீரும். பல துகள்களுக்கும் பொருந்தும் விதியையும் அவர் நிறுவினார்.

துகளுக்குரிய விதி மனிதனுக்குப் பொருந்தாது, நாம் அறிவோம். ஆயினும் அடுத்தமுறை ஊரார் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, சில பொருள்களைப் பிரித்துச் சொன்னால் பொருளே கெடும் என்று நாம் தயங்காது விடை கூறலாம்.