ஆயா சும்மா பாடாத பாட்டு

எங்க ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கம் இருக்கு. எங்க ஆயா ஒப்பாரி வைக்கிறதுல பேர் போனவங்க. சாவு வீட்டில் பொம்பளைங்க வட்டமா உக்காந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கிட்டு ஆடி ஆடி அழுவாங்க. செத்தவரோட நிலம், மாடு, பங்காளிச் சண்டை எல்லாம் ஆயா பாட்டில் வந்துடும். எல்லாமே அந்த இடத்திலேயே கட்டுறதுதான்.

ஒருநாள் போனில் பதிவு செய்யலாம்னு கேட்டேன். “நல்லா இருக்கிற வீட்ல ஒப்பாரி வைக்கச் சொல்றியா?”ன்னு திட்டிட்டாங்க.

சாவு வீட்டுக்கு வெளியே பாடாத பாட்டு அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? இதுக்கு ஒரு கதை சொல்றேன்.

1930களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹாரிஸ் நெக் என்ற கடலோர ஊரில், அமீலியா டாலி என்ற கறுப்பினப் பெண் பாடிய அஞ்சு வரிப் பாட்டை லொரென்சோ டர்னர் என்ற மொழியியலாளர் பதிவு செஞ்சார். அடிமையா வந்த முன்னோர்கிட்டேருந்து தாய் வழி வந்த பாட்டு. அர்த்தம் அந்தக் குடும்பத்துக்கே தெரியாது. மொழி மட்டும், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டு மெண்டே.

பல பத்தாண்டு கழிச்சு, ஆய்வாளர்கள் அந்தப் பதிவோட அங்கே ஊர் ஊராப் போனாங்க. செனெஹுன் ங்கோலா கிராமத்தில் பைண்டு ஜபாத்தி என்ற பெண்ணுக்கு அந்தப் பாட்டு தெரிஞ்சிருந்தது. பெண்கள் நடத்தும் சாவுச் சடங்குப் பாட்டு அது. சடங்கு நின்னுபோச்சு, ஆனா “இதை விட்டுடாதே, பிரிஞ்சுபோன சொந்தத்தை இதுதான் சேர்க்கும்”னு பாட்டி சொல்லி வெச்சிருந்தாங்க. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே வந்தார்.

மெண்டே பெண்களோட தாளக்கருவி ஷெகுரே. காய்ந்த சுரைக்குடுக்கை மேல மணி கோர்த்த வலை. எங்க பொம்பளைங்களுக்கு மார்ல அடிக்கிற கைதான் தாளம்.

ஆயா இறந்தப்போ, மைக் செட்டோட கூலிக்கு ஒருத்தரைக் கூட்டி வந்தோம். நல்ல குரல். ஆனா அதில் ஆயாவோட கொல்லை இல்ல, கறவை மாடு இல்ல. பொறுக்காம அத்தை மைக்கை நிறுத்தச் சொல்லிட்டு, தானே ஆரம்பிச்சாங்க. நான் அதுவரைக்கும் வாசல்ல நின்னவ. அன்னிக்குத்தான் உள்ளே போய் அத்தை தோளைப் பிடிச்சு உக்காந்தேன். நாலு அடி மனசுல நின்னுது.

அடுத்த தடவை சாவுக்குப் போனா, நீங்களும் அந்த வட்டத்தில் கொஞ்ச நேரம் உக்காருங்க.